அறுபத்தொன்றாம் எண் சீவாளி

ஜூன் 5, திங்கள்

இன்றிலிருந்து எழுதுகிறேன். மனசில் இருப்பதைக் கொட்ட அல்ல, அளவு குறித்து வைக்க. ஓசூரில் நான்கு வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். அங்கே எழுதாத அளவு எடுக்காத அளவு. ஜனவரியில் அந்தப் பிரிவையே மூடி எங்களை அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அண்ணன் வீட்டின் பின்கட்டில் சீவாளி சரி செய்கிறேன்.

அண்ணன் தியாகேசன் நாதஸ்வரக்காரர். கடற்கரைப் பக்கத்துப் பெரிய கோயில் ஒன்றில் நிரந்தர நாதஸ்வரப் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள். வாசிப்புத் தேர்வு ஆகஸ்ட் 28. வயது வரம்பு நாற்பது. அண்ணனுக்கு நவம்பரில் நாற்பது முடிகிறது. இதை விட்டால் இன்னொரு தடவை கிடையாது. சீவாளி என் பொறுப்பு.

சீவாளி என்றால் கொறுக்கை என்கிற நாணலின் தட்டையைப் பதப்படுத்தி மடக்கி, கெண்டை என்கிற சின்ன உலோகக் குழாயில் நூலால் கட்டியது. கட்டைவிரல் நீளம்கூட வராது. அவ்வளவு பெரிய வாத்தியத்தின் பேச்சு முழுவதும் அதன் நுனியில்தான். ஆனால் இங்கே எல்லோரும் அதை வாயில் வைத்து ஒரு ஊது ஊதிவிட்டு "நல்லாருக்கு" என்பார்கள். நல்லாருக்கு என்பது எத்தனை மில்லிமீட்டர்?

நான் வாயில் வைப்பதில்லை. ஒரு காற்று பம்பு, வளைத்த பிளாஸ்டிக் குழாயில் நீல மை கலந்த தண்ணீர். சீவாளியை மாட்டிக் காற்றைக் கூட்டினால் தண்ணீர் ஏறும். எத்தனை சென்டிமீட்டரில் சீவாளி பேச ஆரம்பிக்கிறதோ அதுதான் அதன் கனம். கட்டியவற்றை மொத்தமாக வாங்கி, நுனி சீவி, அதன் தடிமனை வெர்னியர் அளவுகோலில் பார்த்து, எண் போட்டு, அளவு எழுதி வைக்கிறேன். எனக்கு நாதஸ்வரம் வாசிக்கத் தெரியாது. அதனால் என் தீர்ப்பில் ஓரவஞ்சனை கிடையாது.

அண்ணனின் வழக்கமான அளவு: நுனி 0.32 மி.மீ., தண்ணீர் 42.

ஜூன் 9, வெள்ளி

குழம்பில் காரமே இல்லை. நான்காவது நாள். அண்ணியிடம் கேட்டேன். "அண்ணனுக்கு வாயில புண்ணு தம்பி. காரம் பட்டா எரியுதாம்" என்றார். ஒருவருக்குப் புண் என்றால் வீடே பத்தியம் சாப்பிட வேண்டுமா? எனக்குத் தனியாக இரண்டு வற்றல் கிள்ளித் தாளித்தால் குறைந்தா போய்விடும் என்று அண்ணியிடமே கேட்டேன்.

எண் 33 முதல் 37 வரை ஊறவைத்தேன்.

ஜூன் 17, சனி

திருபுவனத்தில் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து வந்ததும் அண்ணன் 38-ஐ என் மேசையில் போட்டார்.

"கல்லு மாதிரி இருக்குடா. தாடையெல்லாம் வலி."

பம்பில் போட்டேன். 42. நேற்று இருந்த அதே 42. கல் இல்லை என்று காட்டினேன். "பம்பா வாசிக்குது? நான்ல வாசிக்கிறேன்" என்றார். விவாதிக்க நேரமில்லை. 0.28-க்கு இறக்கிக் கொடுத்தேன். தண்ணீர் 37. சாயங்காலம் வாசித்துப் பார்த்து, இப்போது தேவலை என்றார்.

குறிப்பு: வாசிப்பவரின் விருப்பம் மாறலாம். அளவை அதற்கேற்ப மாற்றுவதுதான் சேவை.

ஜூன் 24, சனி

அண்ணன் என் சீவாளியில் வாசிப்பதை வீடியோ எடுத்துப் போட்டேன். மூன்று நிமிடம். கீழே அளவு, எண், என் கைபேசி எண். சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள், இருவர் மதுரைப் பக்கம்.

முதல் பதிவில் இடது கடைவாயில் காற்று கசியும் சத்தம் விழுந்திருந்தது. உஸ்ஸென்று ஒரு இரைச்சல். மூன்று தடவை எடுத்தும் போகவில்லை. கைபேசியை வலது பக்கம் வைத்து எடுத்தேன். சரியாகிவிட்டது.

ஜூலை 2, ஞாயிறு

ஒத்திகை. தவில் நாகரெத்தினம் வந்திருந்தார். இருபது வருடமாக அண்ணனோடு வாசிக்கிறவர். எனக்கு அவர் வைத்த பெயர் இன்ஜினியரு. நான் டிப்ளமோதான் என்று தெரிந்தே சொல்வார்.

போகும்போது பின்கட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குழாயைச் சுற்றி வந்தார்.

"இன்ஜினியரு, சீவாளிய இந்தப் பாடு படுத்துறியே, உங்க அண்ணன் வாயப் பாத்தியா?"

"ஏன், வாய்க்கென்ன?"

"கன்னம் உப்ப மாட்டேங்குது. முன்னல்லாம் ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் வச்ச மாதிரி நிக்கும். இப்ப இடப் பக்கம் மரப்பலகை."

தோலை அடிக்கிறவர் தோலைப் பற்றிப் பேசட்டும், தட்டையை என்னிடம் விடட்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "சரிங்க சார்" என்று சொல்லிப் போனார். இவரும் அண்ணனும் சேர்ந்து போடுகிற பாக்கும் புகையிலையும் கொஞ்சமா? வாசிக்காத நேரமெல்லாம் அண்ணனின் இடது கன்னத்தில் ஒரு பொட்டலம் அடைந்து கிடக்கும். இவர் ஆரோக்கியத்தைப் பற்றி எனக்குச் சொல்கிறார்.

ஜூலை 8, சனி

எண் 47. நுனி 0.24, தண்ணீர் 32. "இது போதும்" என்றார் அண்ணன். இரண்டு நாள் போதுமானதாக இருந்தது.

ஜூலை 15, சனி

பம்பின் வாஷர் கிழிந்துவிட்டது. கும்பகோணம் போய் வாங்கிவர அரை நாள். மதுரைக்கு ஆறு சீவாளி கூரியர்.

சாப்பாட்டுக்கு உட்கார இடமில்லை. கூடத்து மேசை ஒன்றுதான், அண்ணன் அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். இட்லியைப் பாலில் கரைத்து ஸ்பூனால் உள்ளே தள்ளுகிறார். போன தீபாவளிக்கு ஒரு சம்புடம் முறுக்கை ஒரே ஆளாகக் காலி செய்தவர். சீக்கிரம் முடியுங்கள், எனக்கு வேலை இருக்கிறது என்றேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இந்த ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஜூலை 21, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை. மாரியம்மன் கோயில் ஒன்றிரண்டுதான். முறையாகச் சோதனை செய்ய நல்ல நேரம்.

ஜனவரியில் நான் முதலில் எண் போட்டவற்றில் 14-ஐ அண்ணன் கொண்டாடினார். டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன். இன்று எடுத்து ஊறவைத்துப் பம்பில் போட்டேன். நுனி 0.32, தண்ணீர் 42. ஜனவரியில் டப்பா மேல் எழுதியது: 0.32, 42. ஆறு மாதத்தில் ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

அண்ணனிடம் கொடுத்தேன். எந்த எண் என்று சொல்லவில்லை. வாயில் வைத்தார், ஊதினார், சத்தம் வரவில்லை. மறுபடியும் ஊதினார். காற்று மட்டும் வந்தது.

"எந்தக் கழுத இதக் கட்டுனான்?" என்றார்.

சீவாளி மாறவில்லை, பம்பும் தவறவில்லை. ஆகவே வெயில். இந்த வருடம் காற்றில் ஈரமே இல்லை, தட்டை வாய்க்கு வருவதற்குள் இறுகிவிடுகிறது. வேறு காரணம் தென்படவில்லை. இனி ஈரத்துணியில் சுற்றிக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 30, ஞாயிறு

எண் 52-ன் நுனியில் இரத்தம். கடுகளவு. சீவிய ஓரத்தில் பிசிறு இருந்து கன்னத்தைக் கிழித்திருக்கும். என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் எண் உப்புத்தாளில் ஓரம் தேய்த்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பிசிறு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

தேர்வு விண்ணப்பத்துக்கு இன்னொரு புகைப்படம் கேட்டிருக்கிறார்கள். நானே எடுத்தேன். கொஞ்சம் சிரியுங்கள் அண்ணா என்றேன். "சிரிச்சிக்கிட்டுத்தானடா இருக்கேன்" என்றார். படத்தில் பல்லே தெரியவில்லை. எப்போதும் உம்மென்று இருக்கிற மனுஷனிடம் சிரிப்பை எங்கே போய்த் தேட?

53, 54 வீண். 55: 0.20, தண்ணீர் 27.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இன்று வீட்டில் சத்தம். எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

அண்ணி பின்கட்டுக்கு வந்தார். எப்போதும் வாசலோடு நிற்பவர், இன்று உள்ளே வந்து பம்புக்குப் பக்கத்தில் நின்றார். புண் ஆறவில்லை, இரண்டு மாதம் ஆகிறது, நாளைக்கே அண்ணனைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகப் போவதாகச் சொன்னார். அவர் வர மறுக்கிறார், நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார்.

தேர்வுக்குப் பதினைந்து நாள்தான் என்றேன். இப்போது போனால் டாக்டர் முதலில் சொல்வது 'ஊதாதே' என்பதாகத்தான் இருக்கும். புண்ணுக்கு மருந்து போட்டு ஒரு மாதம் ஓய்வு என்பான். வேலை போய்விடும். வாய்ப்புண்ணால் யார் செத்தார்கள்?

அண்ணி தண்ணீர்க் குழாயையே பார்த்தார்.

"தேர்வு முடியட்டும் அண்ணி. மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க படிச்சவங்க தம்பி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போய்விட்டார். முடிவுகளைத் தேதி பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுப்பதல்ல.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

58 ஊறவைக்கும்போதே பிளந்தது. 59 அண்ணன் வாயில் பிளந்தது. 0.18-க்குக் கீழே தட்டை தாங்கவில்லை. இழையெல்லாம் தெரிகிறது, வெங்காயச் சருகு மாதிரி.

மெல்லியதானால் சத்தம் கீச்சிடும் என்று நினைத்தேன், கீச்சிடுகிறது. நுனியின் நடுவில் மட்டும் சீவாமல் விட்டு ஓரங்களை இறக்கினால் எப்படி? இதை இதுவரை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

61. நான் செய்ததிலேயே சிறந்தது. நடுவில் 0.22, ஓரங்களில் 0.15. நுனியின் இடைவெளியைக் கிட்டத்தட்ட மூடி வைத்திருக்கிறேன். தண்ணீர் 19-லேயே பேசுகிறது, கீச்சில்லை. ஒரு குழந்தை ஊதினாலும் வரும்.

அண்ணன் அரை மணி வாசித்தார். நான் வாசலில் நின்று கேட்டேன். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இதுவரை அவர் எனக்குத் தலையாட்டியதில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

கோயில் மண்டபத்தில் பதினேழு பேர். அண்ணன் ஒன்பதாவது. தேர்வாளர்கள் மூவர். அண்ணன் தலை நிமிர்த்தாமல் உட்கார்ந்து, இடது பக்கத்தைத் தூணை நோக்கித் திருப்பிக்கொண்டார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

தோடி வாசித்தார். பதினெட்டு நிமிடம். நாகரெத்தினம் தவிலை அவ்வளவு மெதுவாகத் தட்டி நான் கேட்டதில்லை. அண்ணன் எங்கே மூச்சு எடுப்பார் என்று முன்கூட்டியே தெரிந்ததுபோல் அங்கங்கே தவில் சொல்லைப் போட்டு இடத்தை நிரப்பினார். சீவாளி ஒரு முறைகூடத் தடுக்கவில்லை.

முடித்ததும் தேர்வாளர்களில் ஒருவர், நாதம் சுகமாக இருக்கிறது, என்ன சீவாளி போடுகிறீர்கள் என்று கேட்டார். அண்ணன் என் பக்கம் கை காட்டினார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். துண்டை எனக்குக் கொடுக்காமல் பைக்குள் திணித்துக்கொண்டார்.

வரும் வழியில் நாகரெத்தினம் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

அண்ணி புடவை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தார். முடிவு வரட்டும் என்று அண்ணனே சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

தேர்வாகிவிட்டார். முதலிடம். பின்கட்டில் 61-க்கு என்று ஒரு தனி டப்பா செய்து வைத்தேன். புது வீடியோ போட்டேன். இருபத்தாறு பேர் கேட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் அந்த 61-தான் வேண்டுமாம்.

முப்பது நாளுக்குள் சேர வேண்டும். உடற்தகுதிச் சான்றிதழ் இணைக்க வேண்டும். சம்பிரதாயம்தான்.

செப்டம்பர் 11, திங்கள்

அரசு மருத்துவமனை. கண், எடை, இரத்த அழுத்தம் எல்லாம் சரி. வாயைத் திறக்கச் சொன்னார் டாக்டர். அண்ணன் திறந்தார்.

"நல்லாத் திறங்க."

"இவ்ளோதாங்க."

டாக்டர் அண்ணனின் கையையே எடுத்து, மூன்று விரலைச் சேர்த்து, வாய்க்குள் நிறுத்தி வைக்கச் சொன்னார். யாருக்கும் மூன்று விரல் நுழைய வேண்டுமாம். அண்ணனுக்கு ஒன்று நுழைந்தது. இரண்டாவது பல்லில் இடித்தது.

பக்கத்து அறைக்கு அனுப்பினார். பல் டாக்டர், என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இழுப்பறையிலிருந்து ஒரு வெர்னியரை எடுத்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்துப் படித்தார். பதினெட்டு மில்லிமீட்டர். நாற்பதாவது இருக்க வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் நாராக இறுகியிருக்கிறது. இடது பக்கம் ஒரு புண், ஓரம் தடித்து. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

அதே வெர்னியர். என் மேசையில் இருப்பது, அதே அளவு, அதே மாதிரி. ஜனவரியிலிருந்து கிடக்கிறது.

செப்டம்பர் 15, வெள்ளி

பம்பு ஓட்டவில்லை. மழை.

செப்டம்பர் 19, செவ்வாய்

தஞ்சாவூர். சோதனை முடிவு வந்துவிட்டது. புற்று. இடது கன்னத்தை எடுக்க வேண்டும், தாடையில் ஒரு பகுதியும். பிறகு கதிர்வீச்சு. ஊதுவது பற்றி அண்ணன் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

எப்போது தொடங்கியது என்று கேட்டார் பெரிய டாக்டர். அண்ணன், ஒரு மாதமாக என்றார். அண்ணி மறுத்தார், மூன்று மாதத்துக்கு மேலே என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி நோட்டுல எல்லாம் எழுதுவாங்க. அதுல இருக்கும்."

நோட்டு என் பையில்தான் இருந்தது. அண்ணி அதைப் படித்ததில்லை. கொடுத்தேன். வேறென்ன செய்ய?

டாக்டர் நின்றபடியே புரட்டினார். பிறகு உட்கார்ந்தார். தன் தாளில் குறிக்கக் குறிக்க, பயிற்சி டாக்டருக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். ஜூன் ஒன்பது, காரம் எரிகிறது. பதினேழு, தாடை வலி. இருபத்து நாலு, இடது கடைவாயில் காற்று கசிவு. ஜூலை இரண்டு, கன்னம் உப்பவில்லை. பதினைந்து, திட உணவு முடியவில்லை. முப்பது, இரத்தம். நுனி அளவுகள் என்ன என்று கேட்டார். சொன்னேன். 0.32, 0.28, 0.24, 0.20 என்று வரிசையாக எழுதிக்கொண்டார்.

"நாங்ககூட ஒரு கேஸ் ஷீட்ட இவ்வளவு ஒழுங்கா எழுதறதில்ல" என்றார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "ஆகஸ்ட் பதிமூணு..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டு, அதை மட்டும் மனசுக்குள் படித்தார். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தேதியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

ஜூன் மாதமே வந்திருந்தால், என்று பயிற்சி டாக்டர் ஆரம்பித்தார். பெரியவர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

பேருந்தில் அண்ணனும் நானும் ஒரே இருக்கை. பேருந்து தஞ்சாவூரைத் தாண்டியது. உங்களுக்குத் தெரியாதா, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். பாதி உதட்டில்தான் அவரால் பேச முடிகிறது.

"தெரியாம என்னடா. பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ சீவிக் குடுத்துக்கிட்டே இருந்த. நானும் சமாளிச்சுக்கிட்டே வந்தேன்."

என் முழங்காலைத் தட்டினார்.

"அறுபத்தொண்ணு நல்லா இருந்துச்சுடா."

செப்டம்பர் 20, புதன்

காலையில் நாகரெத்தினம் வந்து அண்ணனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது பின்கட்டை எட்டிப் பார்க்கவில்லை.

மதுரைக்காரர் அழைத்தார். போன தடவை அனுப்பியது கொஞ்ச நாளாகக் கனமாக இருக்கிறதாம். இன்னும் மெல்லிசாக, நுனி மூடினாற்போல் வேண்டுமாம். மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் நுழைகிறதா பாருங்கள் என்றேன். "சீவாளி கேட்டா வாயப் பாக்கச் சொல்றீங்க, நீங்க என்ன டாக்டரா?" என்று வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. நான்கு முறை அழைத்தேன்.

மதியம் அண்ணி அண்ணனுக்குக் கஞ்சியை வடிகட்டி உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்துவிட்டு, எனக்குக் கூடத்து மேசையில் இலை போட்டார். எனக்கென்று தனியாக ஒரு சட்டியில் குழம்பு. கிள்ளிய வற்றல் மேலேயே மிதந்தது. பரிமாறிவிட்டு எதிரில் நின்றார்.

"நீங்க கேட்டீங்களே தம்பி. ஜூன் மாசம்."

முழுவதும் சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கிக்கொண்டேன். இலையை மடிக்கும்வரை அண்ணி நகரவில்லை.

காரம் சரியாக இருந்தது.